கையேடும் காப்போரும்: கட்டற்ற மென்பொருள் ஆவணங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை ஆராய்வோர் எடுத்தாளும் நூல்களுள் கோணேசர் கல்வெட்டு முதன்மையானது. பெயரிற் கல்வெட்டு எனினும் அது கல்லிற் பொறிக்கப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் விரவிய ஏட்டு நூலாகும். கவிராச வரோதயன் இயற்றியதாக வழங்கும் அந்நூல், கோணேசர் கோயிலில் எத்தொழும்பினை எவர் செய்தல் வேண்டும், எவர்க்கு எவ்வுரிமை உண்டு என்பவற்றை விரிவாக வகுத்துரைக்கின்றது. இற்றைநாள் வழக்கிற் கூறின் அதனை ஒரு செயன்முறைக் கையேடு எனலாம். அது முழுவதும் ஒரே காலத்தில் ஒரே கையால் எழுதப்பட்டதன்று என்பதும், பிற்காலச் சேர்க்கைகள் அதில் இடம்பெற்றுள்ளன என்பதும் ஆய்வாளர் கருத்து. ஆயின், எப்பகுதியை எவர் எப்பொழுது சேர்த்தனர் என்பதனை ஏடு தானே கூறவில்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் மலைமீதிருந்த கோயிலை இடித்தனர். கையேடு எஞ்சிற்று, அது விளக்கிய அமைப்பு எஞ்சவில்லை.

பலர் கூடி எழுதும் கையேடு எதற்கும் இவ்விரு நிலைகளும் நேரக்கூடியவை. குறியின்றித் திருத்தப்படுதல் ஒன்று. தான் விளக்கிய பொருள் மாறியபின்னும் மாறாது நின்றுவிடுதல் மற்றொன்று. கணினித் துறையில், குறிப்பாகக் கட்டற்ற மென்பொருள் எனப்படும் பிரிவில், இவ்விரண்டும் கடந்த அரை நூற்றாண்டாகத் தொடர்ந்து காணப்படுகின்றன. கட்டற்ற மென்பொருளாவது, மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருள். அதனை ஆக்குவோர் பல நாட்டினர். பெரும்பாலோர் ஊதியம் பெறாதோர். அதற்குரிய கையேடுகளை எழுதுவோரும் அத்தகையோரே. எழுதுவதற்கு முன்வருவோர் எக்காலத்தும் ஓரளவு இருந்துள்ளனர். எழுதியதை ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்துத் திருத்துவோரே அரியர். இத்துறைக் கையேடுகளின் வரலாறு, எழுதியோர் வரலாறு என்பதிலும் காத்தோர் வரலாறு என்பதே பொருத்தமாகும்.

1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதியிட்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் நிரலர் கையேட்டின் முதற் பதிப்பு வெளிவந்தது. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் அதனை ஆக்கினர். யுனிக்ஸ் அக்காலத்திற் கட்டற்ற மென்பொருளாக இருக்கவில்லை. எனினும் பின்வந்த கட்டற்ற மென்பொருட் கையேடுகளுக்கெல்லாம் அதுவே அச்சாக அமைந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பக்கந்தோறும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என ஒரே வரிசை. இவ்வரிசையில் இரண்டு தலைப்புகள் ஊன்றி நோக்கற்பாலன. ஒன்று 'வழுக்கள்' என்பது; அக்கட்டளையில் அறியப்பட்ட குறைகளை ஆக்கியோரே அதன்கண் ஒளியாது எழுதினர். மற்றொன்று 'உடையவர்' என்பது. இடர் நேரின் எவரை வினவுதல் வேண்டும் என்பது அதன்கண் குறிக்கப்பட்டது. கையேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மனிதர் பொறுப்பாக நின்றார் என்பது இதன் பொருள். பயன்படுத்துவோர் ஒரே கட்டடத்திற் பணிபுரிந்தமையால் அது இயன்றது. பிற்காலப் பதிப்புகளில் 'வழுக்கள்' நிலைத்தது, 'உடையவர்' மறைந்தது. இம்மறைவு சிறிதாகத் தோன்றினும் அதன் விளைவு சிறிதன்று.

அக்காலத்தில் மென்பொருளும் கையேடும் எத்துணை நெருங்கியிருந்தன என்பதற்குப் பெயரிடல் முறையே சான்று. யுனிக்ஸின் 'ஆறாம் பதிப்பு', 'ஏழாம் பதிப்பு' என்று கூறப்படுபவை உண்மையிற் கையேட்டின் பதிப்பெண்களே. 1975இல் ஆறாம் பதிப்பும் 1979இல் ஏழாம் பதிப்பும் வந்தன. மென்பொருளைக் கையேட்டின் பெயரால் அழைத்த காலம் அது. இன்று நிலை தலைகீழாயுள்ளது; மென்பொருளின் பதிப்பெண்ணைக் கையேடு மூச்சு வாங்கப் பின்தொடர்கின்றது.

1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனுத் திட்டத்தை அறிவித்தார். மென்பொருள் கட்டற்றதாயின் அதன் கையேடும் கட்டற்றதாதல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. இதற்கு அவர் காட்டிய காரணம் நடைமுறை சார்ந்தது. மென்பொருளை மாற்றும் ஒருவர், மாற்றத்துக்கேற்பக் கையேட்டையும் மாற்ற விழைவார். பதிப்புரிமை அதனைத் தடுக்குமாயின், மாறிய மென்பொருளுக்குப் பொருந்தாத கையேடே எஞ்சும். இக்கொள்கை 2000ஆம் ஆண்டு மார்ச்சில் குனு கட்டற்ற ஆவண உரிமமாக வடிவம் பெற்றது. ஆயின் அவ்வுரிமம் சில பகுதிகளை எவரும் மாற்றலாகாது என்று குறிக்கவும் இடமளித்தது. திருத்தத்துக்கென எழுந்த உரிமத்திலேயே திருத்தவொண்ணாப் பகுதிகளுக்கு இடமிருந்தமை முரணாகவே தோன்றுகின்றது. டெபியன் திட்டத்தினர் 2006இல் வாக்கெடுப்பு நடத்தி, அத்தகைய மாறாப் பகுதிகள் கொண்ட ஆவணங்கள் தம் வரையறைப்படி கட்டற்றவை ஆகா எனத் தீர்மானித்தனர். எவ்வாறாயினும், உரிமம் திருத்துவதற்கு இசைவு தருமேயன்றித் திருத்துவோரைத் தராது. அதன் எல்லை அவ்வளவே.

1991இல் லினஸ் டோவால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்ட சில ஆண்டுகளுள், அதற்குரிய கையேடுகளைத் திரட்டும் லினக்ஸ் ஆவணத் திட்டம் உருவாயிற்று. மாட் வெல்ஷ், லார்ஸ் விர்சீனியஸ் முதலியோர் அதன் முன்னோடிகள். 'எவ்வாறு செய்வது' என்னும் பெயர் கொண்ட சிறு கையேடுகள் பல அதன்கீழ் எழுந்தன. அச்சுப்பொறியை இணைப்பது முதல் வலையமைப்பை நிறுவுவது வரை ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர். நூல்நிலையமோ ஆசிரியரோ அருகில் இல்லாத ஒருவர்க்கு அவை பெருந்துணையாயின என்பதில் ஐயமில்லை. ஆயின் ஆசிரியர்கள் தொழில் மாறினர், ஆர்வம் மாறினர். அத்திட்டத்தின் ஆவணங்கள் பலவற்றில் இறுதித் திருத்தத்தின் திகதி 2000ஆம் ஆண்டை ஒட்டிய ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. ஆவணங்கள் மட்டும் அழியவில்லை. கணினியில் ஏறிய ஏட்டைச் செல்லரிப்பதில்லை. இதுவே இடரின் ஊற்று. பனையோலை முதுமையடைந்தால் அதன் தோற்றமே அதனைக் காட்டிக்கொடுக்கும். திரையில் தோன்றும் பக்கமோ, 20 ஆண்டுகள் கழிந்தபின்னும் நேற்று எழுதியது போலவே தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு போதுமானது. கணினியின் வலையமைப்பு முகவரியை அறிவதற்கு 'ஐஎஃப்கொன்ஃபிக்' என்னும் கட்டளையை நெடுங்காலம் எல்லாக் கையேடுகளும் கற்பித்தன. அதன் இடத்தை 'ஐபி' என்னும் வேறொரு கட்டளை பையப்பைய எய்திற்று. 2017இல் வெளிவந்த டெபியன் 9ஆம் பதிப்பிற் பழைய கட்டளை இயல்பாக நிறுவப்படுவதே நின்றது. பழைய கையேட்டைப் பார்த்து அதனைத் தட்டச்சிடும் மாணவனுக்கு, அத்தகைய கட்டளை இல்லை என்ற விடையே கிடைக்கும். அனுபவம் உள்ளவன் கையேடு பழையது என உணர்வான். புதிதாகக் கற்பவன் தன்னிடமே பிழை உளதென எண்ணுவான். பழுதுற்ற கையேடு வல்லுநரை வருத்துவதில்லை. எவர்க்கென எழுதப்பட்டதோ அவரையே வருத்துகின்றது.

இவ்வீழ்ச்சிக்கு விலக்காக நெடுங்காலம் நின்றது, லினக்ஸ் கருவின் முறைமை அழைப்புகளையும் சி நூலகத்தின் செயற்கூறுகளையும் விளக்கும் கையேட்டுப் பக்கத் தொகுதி. அதனை முதலில் ரிக் ஃபெய்த் பேணினார். 1995 முதல் 2004 வரை அன்ட்ரீஸ் பிரௌவர் பேணினார். 2004இல் மைக்கேல் கெரிஸ்க் பொறுப்பேற்று ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் காத்தார். அவருக்குப்பின் அலெகாந்திரோ கொலோமர் ஏற்றார். நிரலை எழுதியோரிடம் வினவியும், நிரலையே இயக்கிப் பார்த்தும், பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்துவது இவர்கள் பணி. பணியின் தொடர்ச்சிக்குக் காரணம் கூட்டம் அன்று. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பெயர் சொல்லி ஒப்படைத்தமையே.

தமிழ் மாணவர்க்கு இத்தகைய கைம்மாற்றம் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலுக்கு முதலில் மயிலைநாதர் உரை கண்டார். 17ஆம் நூற்றாண்டிற் சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை செய்தார். 18ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் அவ்விருத்தியுரையையே எடுத்து, வேண்டுமிடத்துத் திருத்தியும் கூட்டியும் புதுக்கினார். 19ஆம் நூற்றாண்டில் நல்லூர் ஆறுமுக நாவலர் விருத்தியுரையை அச்சேற்றியதோடு, பாடசாலை மாணவர்க்கெனக் காண்டிகையுரையும் எழுதினார். மூலம் ஒன்றே, கற்போர் மாறினர், கற்கும் சூழல் மாறியது, உரையும் உடன் மாறியது. சிவஞான முனிவர் செய்தது புதுநூல் ஆக்கம் அன்று, பிறர் உரையைப் பேணிய பணி. எனினும் தமிழுலகம் அதனைக் குறைவாக மதிக்கவில்லை. திருத்தியவர் பெயரையும் முதலில் எழுதியவர் பெயரையும் சேர்த்தே நினைவிற் கொண்டது. மென்பொருளுலகம் அவ்வாறு மதித்ததா என்பதற்கு 2024ஆம் ஆண்டின் நிகழ்ச்சி விடையாகும். அவ்வாண்டு செப்டெம்பரில், நான்காண்டுகளாக ஊதியமின்றி அப்பணியைச் செய்துவந்த கொலோமர், பொருளாதார நிலை இடந்தராமையாற் பணியை நிறுத்துவதாக அறிவித்தார். உலகின் வழங்கிக் கணினிகளுட் பெரும் பகுதி இயங்கும் அமைப்பின் கையேடு, ஒரு தனிமனிதரின் ஓய்வுநேரத்தை நம்பியிருந்தது என்பது அப்பொழுதே பலர்க்குத் தெரியவந்தது. பின்னர்ச் சில நிறுவனங்கள் நிதியுதவ முன்வந்தமையாற் பணி தொடர்ந்தது.

ஒருவரை நம்புவதன் இடரைக் கண்டோர், எல்லோரும் திருத்தலாம் என்னும் வழியை நாடினர். 1995இல் வோர்ட் கன்னிங்ஹாம் அமைத்த விக்கி முறை அதற்குக் கருவியாயிற்று. விக்கியின் சிறப்பு எவரும் திருத்தலாம் என்பது மட்டுமன்று. எவர் எப்பொழுது எதனைத் திருத்தினர் என்னும் வரலாறு பக்கத்தோடேயே நிற்பதும் ஆகும். கோணேசர் கல்வெட்டை ஆராய்வோர்க்குக் கிட்டாத வாய்ப்பு இது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இவ்வரலாற்றைக் காணலாம். 2003இல் தொடங்கிய அதனை, தொடக்க ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் பெருமளவு தனித்தே வளர்த்தார் என்பதை அப்பக்கங்களின் பழைய பதிப்புகளே காட்டும். 'இற்றைப்படுத்தல்' என்னும் சொல்லைத் தமிழ்க் கணினி எழுத்தில் வழக்காக்கியதில் இத்தகைய கூட்டெழுத்து முயற்சிகளுக்குப் பெரும் பங்குண்டு. 'இற்றை' என்னும் பழஞ்சொல் இன்றைய நாளைக் குறிப்பது. ஒரு பொருளை இன்றைக்கு உரியதாக்குதல் என்னும் கருத்தை அச்சொல் ஆங்கிலத்தை எதிர்பாராது தருகின்றது.

எனினும், எல்லோர்க்கும் உரிய பணி எவர்க்கும் உரியதன்றாய்ப் போதலும் உண்டு. ஜென்டூ என்னும் லினக்ஸ் வழங்கலுக்கு அதன் பயனாளர்கள் அமைத்த விக்கி, எழுதுவோர் மிகுதியாற் சிறந்து விளங்கிற்று. 2008இல் அதனைத் தாங்கிய வழங்கி பழுதுற்றபொழுது முறையான காப்புப்படி இல்லை என்பது வெளிப்பட்டது. தேடுபொறிகளின் சேமிப்பிலிருந்து சில பக்கங்களை மீட்க நேர்ந்தது. எழுதுவோர் பலர் இருந்தனர். படியெடுத்து வைக்கும் கடமை இன்னாரது என்பது மட்டும் உறுதிப்படவில்லை.

இவ்வரலாற்றில் இலங்கைக்கு உரிய இடம் பலர் அறியாதது. அது துயரத்திற் பிறந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. திருகோணமலை மாவட்டத்திற் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையோர ஊர்கள் அழிவுற்றன. காணாமற்போனோர் யாவர், எம்முகாமில் எவர் உளர், எந்நிறுவனம் எதனை எங்கே வழங்குகின்றது என்பன ஒருங்கே தெரியாமல் நிவாரணம் தடுமாறியது. அந்நாள்களிற் கொழும்பில் மென்பொருளாளர்கள் தொண்டர்களாகக் கூடி ஒரு முறைமையை ஆக்கினர். லங்கா மென்பொருள் நிறுவகத்தின் ஆதரவில் எழுந்த அது, நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் 'சஹானா' எனப் பெயர்பெற்றது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனப் பதிவு, உதவி வேண்டுகோட் பதிவு என்பன அதன் கூறுகள். கட்டற்ற மென்பொருளாக அதனை வெளியிட்டமையால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கிற்று.

சஹானாவின் கையேடு, ஏனைய மென்பொருட் கையேடுகளின் இடரை இருமடங்காகக் கொண்டது. சொற்செயலியின் கையேடு பழுதாயின் நாள்தோறும் பயன்படுத்துவோர் அதனைக் கண்டு முறையிடுவர். பேரிடர் மேலாண்மை மென்பொருளின் கையேட்டைப் பேரிடர் நேரும் நாளிலேயே பலர் திறப்பர். இடைப்பட்ட ஆண்டுகளில் நிரல் மாறிக்கொண்டே செல்லும். கையேடு மாறாமை எவர் கண்ணுக்கும் படாது. சஹானா முதலிற் பிஎச்பி மொழியில் அமைந்தது. 2010ஆம் ஆண்டை ஒட்டிப் பைத்தன் மொழியில் 'ஈடன்' என்னும் பெயரில் வேறோர் அமைப்பாகப் புதிதாய் எழுதப்பட்டது. பெயரின் முற்பகுதி ஒன்றாயிருந்தமையால், முன்னையதன் கையேட்டைப் பின்னையதற்கு உரியதென மயங்கும் வாய்ப்பும் ஏற்பட்டது. 2011ஆம் ஆண்டு ஒக்டோபரில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஆவணக் கூடல் ஒன்றில், ஈடனை ஆக்கியோரும் எழுத்தாளரும் ஒருங்கே அமர்ந்து சில நாள்களுள் ஒரு முழு நூலை எழுதினர். கே.டி.ஈ, ஓப்பன்ஸ்ட்ரீட்மாப், ஓப்பன்எம்ஆர்எஸ் ஆகிய திட்டத்தினரும் அக்கூடலில் தத்தம் நூல்களை எழுதினர். விரைந்து எழுதுதல் இயலும் என்பதனை அம்முயற்சி ஐயமற நிறுவியது. ஆனால் ஒரு வாரத்தில் எழுதிய நூலைப் பத்தாண்டுகள் காப்பதற்கு அத்தகைய கூடல் வழிகாட்டவில்லை. அது அதன் நோக்கமும் அன்று.

கையேடு எத்துணை நுண்ணிய செய்திகளைத் தாங்கவேண்டும் என்பதற்குத் திருகோணமலை நகரை அடுத்துள்ள அன்புவழிபுரம் என்னும் பெயரே தக்க சான்று. தமிழில் அதற்கு எழுத்து ஒன்றே. உரோம எழுத்திற் பெயர்க்குங்கால் 'பு' என்பதற்கு வல்லொலி எழுத்தை இடுவோரும் உளர், மெல்லொலி எழுத்தை இடுவோரும் உளர். ழகரத்துக்கு ஓரெழுத்தை இடுவோரும் ஈரெழுத்தை இடுவோரும் உளர். ஓர் ஊர் நான்கு வடிவம் பெறுகின்றது. முகாம்களில் வெவ்வேறு தொண்டர் பதியும் பட்டியல்களைக் கணினி ஒப்புநோக்கும்போது, இந்நான்கும் நான்கு ஊர்களாகவே அதற்குத் தோன்றும். ஒரு முகாமில் தாயும் மற்றொன்றில் மகளும் பதியப்பட்டிருப்பின், ஊர்ப்பெயரை வைத்துத் தேடுவோர்க்கு அவர்கள் ஓரூரவர் என்பது புலப்படாமற் போகலாம். இதனைத் தவிர்க்கும் விதி நிரலில் இல்லை. எவ்வெழுத்துக் கூட்டலை ஏற்பது என்று கூறும் கையேட்டுப் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். அப்பக்கத்தைக் கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இருப்போர் எழுதவியலாது. ஊரறிந்த ஒருவரே எழுதுதல் கூடும். ஊர்களின் பெயர்ப்பட்டியலும் நிருவாகப் பிரிவுகளும் மாறுந்தோறும் அவரே திருத்துதலும் கூடும்.

தமிழில் எழுதப்படும் கையேடுகளுக்கு இவற்றுக்கு மேலும் சில முதுமைகள் உள. முதலாவது எழுத்துரு சார்ந்தது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றபோதிலும், இலங்கையிற் பாமினி முதலிய எழுத்துருக்களே நெடுங்காலம் ஆட்சிசெய்தன. அவற்றில் எழுதப்பட்ட கையேடு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உரோம எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். 2008இல் இலங்கைத் தர நிறுவனம் தமிழுக்குரிய தரத்தை வகுத்தபின் புதியவை ஒருங்குறியில் எழுந்தன. பழையன பல எவராலும் மாற்றப்படாமற் கிடந்தன.

இரண்டாவது கலைச்சொல் சார்ந்தது. தமிழ்நாட்டார் 'பதிவிறக்கம்' என்பதை ஈழத்தார் 'தரவிறக்கம்' என்பர். ஒரு மென்பொருளின் தமிழ் இடைமுகத்தை ஒரு குழு மொழிபெயர்த்து, பின்னர் வேறொரு குழு சொற்களைத் திருத்துமாயின், நிரலில் ஓரெழுத்தும் மாறாமலே கையேடு பழையதாகிவிடும். கையேடு ஒரு பொத்தானின் பெயரைக் கூறும். திரையில் அப்பெயர் இராது. ஆங்கிலக் கையேடுகளுக்கு இவ்விடர் அரிது.

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு சனவரியில் த. சீனிவாசன் முதலியோர் தொடங்கிய 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுவோர்க்குக் களமாயிற்று. து. நித்யா எளிய தமிழில் எழுதிய மென்பொருள் நூல்கள் அதன்வழி இலவச மின்னூல்களாகப் பரவின. எவரும் படியெடுக்கவும் திருத்தவும் இசைவு தரும் உரிமத்தில் அவை வெளியிடப்பட்டமை பாராட்டற்குரியது. கடல் கடந்து அன்புவழிபுரத்தில் இருக்கும் மாணவனுக்கும் அவை கட்டணமின்றிக் கிட்டுகின்றன. ஆயின் இதழின் இயல்பு வேறு, கையேட்டின் இயல்பு வேறு. இதழ்க் கட்டுரை அதன் மாதத்துக்கு உரியது. பழைய இதழைத் திருத்தி மீள வெளியிடுவதை எவரும் எதிர்பாரார். உபுண்டு இயங்குதளம் 2011 ஏப்ரலில் யூனிட்டி என்னும் முகப்பை ஏற்று, 2017 ஒக்டோபரில் அதனைக் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எம்மொழியில் எழுதப்பட்ட அறிமுகமாயினும், அது காட்டும் திரை இன்றைய திரையன்று. பைத்தன் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1ஆம் திகதியோடு முடிவுற்றது. அப்பதிப்பை ஒட்டிய பாடத்தின் முதல் வரியே, அடைப்புக்குறி இன்மையால், மூன்றாம் பதிப்பிற் பிழையாகும். ஆங்கிலத்தில் ஒரு பாடம் பழுதாயின் நூறு பாடங்கள் அதன் இடத்தை நிரப்பும். தமிழில் அப்பாடம் ஒன்றே இருத்தல் கூடும். அது பழுதாயின் மாணவன் தமிழை விட்டு ஆங்கிலத்துக்குச் செல்வான், அல்லது பாடத்தையே விடுவான்.

இந்நிலைக்கு மொழிபெயர்ப்புக் கருவிகளில் ஒரு விடை உண்டு. மென்பொருள் இடைமுகங்களை மொழிபெயர்க்கப் பயன்படும் குனு கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி, மூல ஆங்கிலத் தொடர் மாறியவுடன் அதற்குரிய தமிழ்த் தொடரை 'ஐயத்துக்குரியது' எனக் குறித்துவிடும். ஒருவர் மீண்டும் சரிபார்த்துக் குறியை நீக்கும்வரை அத்தமிழ்த் தொடர் திரையில் தோன்றாது, ஆங்கிலமே தோன்றும். முதுமையைத் தானே அறிவிக்கும் ஏடு இது. கையேடுகளுக்கும் அவ்வாறே செய்யவென எழுந்தது 'பிஓ4ஏ' என்னும் கருவி. அது கையேட்டைப் பத்திபத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தியும் மூலத்தோடு பொருந்துகின்றதா எனக் கணக்கிடும். மொழிபெயர்ப்பு நூற்றுக்கு 80 என்னும் அளவினின்று தாழுமாயின் அக்கையேட்டை அது வெளியிடாது நிறுத்தும்.

தொண்டர் நிறைந்த ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளுக்கு இவ்வெல்லை பொருந்தலாம். தமிழுக்கு அது கடுமையானது என்றே கூறவேண்டும். நூறு பத்திகளுள் எழுபத்தைந்து சரியாயுள்ள தமிழ்க் கையேடு, ஆங்கிலம் அறியாத ஒருவர்க்கு முழுதும் மறைக்கப்படுகின்றது; எஞ்சிய இருபத்தைந்தும் எவை எனக் காட்டி அதனைத் தருவதே அவர்க்குப் பயன்படும். கருவியில் அதற்கும் இடமுண்டு. 80 என்பது இயல்பாக வைக்கப்பட்ட அளவேயன்றி மாற்றவொண்ணாத விதியன்று. திட்டத்தைப் பேணுவோர் வேண்டின் அதனைச் சுழியாகவும் குறிக்கலாம். அவ்வாறு செய்யுமிடத்து, திருத்தப்படாத பத்திகள் ஆங்கிலத்திலும் ஏனையவை தமிழிலும் அமைந்த கலப்புப் பக்கம் தோன்றும். பார்வைக்கு அது அழகற்றது. ஆயினும் எவ்விடத்தில் தமிழ்ப் பணி நின்றது, எவ்விடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கவேண்டும் என்பதை அது பத்திபத்தியாகக் காட்டும்.